ஆணியில் தொங்கிய டோக்கன்

எங்கள் பக்கத்தில் வயதானவர்களுக்கு மறதி வந்தால் யாரும் டாக்டரிடம் அழைத்துப் போவதில்லை. வயசாயிடுச்சு, புத்தி பிசகிடுச்சு என்று சொல்லி ஒரு மூலையில் உட்கார வைத்து, வேளைக்குச் சோறு போட்டுப் பார்த்துக்கொள்வார்கள். நானும் அப்படித்தான் செய்திருப்பேன். ஆனால் என் அம்மா ஞானசுந்தரி மூலையில் உட்காருகிற ஆள் இல்லை. அதனால்தான் எனக்கு ஆஸ்பத்திரி வாசல் தெரிந்தது. இப்போது அவள் உள்ளறையில் தூங்குகிறாள், எனக்குக் கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைத்திருக்கிறது. மறதி நோய் வந்தவரை வீட்டில் வைத்துக்கொண்டு முழிக்கிற யாருக்காவது பயன்படட்டும் என்று இதை எழுதுகிறேன். ஆறுதல் தேடுகிறவர்கள் வேறு எதையாவது படிப்பது நல்லது.

ஆம்பூர் என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் பிரியாணி ஞாபகம் வரும். எங்களுக்குச் சோறு போடுவது தோல். அம்மா ஷூ கம்பெனியில் அப்பர் தைத்தவள். அப்பர் என்றால் ஷூவின் மேல்பாகம். கல்யாணமாகி வந்த கொஞ்ச நாளில் மிஷினில் உட்கார்ந்தவள், கண் மங்கிப்போய் கம்பெனியே போதும் என்று அனுப்பும்வரை எழுந்திருக்கவில்லை. நான் அவளுடைய ஒரே மகள் ஜெயசீலி. வீட்டில் சீலி. நானும் ஷூ கம்பெனிதான், வேறொரு கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். என் கணவர் எட்வின் தோல் பதனிடும் டேனரிகளுக்கு லோடு வண்டி ஓட்டுகிறார். பகலில் நாங்கள் இரண்டு பேரும் இல்லாதபோது அம்மாவைப் பார்த்துக்கொள்வது பக்கத்து வீட்டு நூர்ஜஹான் அக்கா. சம்பளத்துக்கு இல்லை, பழக்கத்துக்கு.

முதலில் வந்தது சின்னச் சின்ன மறதிகள்தான். குழம்பில் இரண்டு தரம் உப்பு போடுவாள், அடுப்பில் பாலைத் தீயவிடுவாள். நானும்தான் அதைச் செய்கிறேன் என்று விட்டுவிட்டேன். ஒருநாள் விடிகிற நேரத்தில் வாசல் கதவு திறந்து கிடந்தது. அம்மா புடவை கட்டி, தலை சீவி, கையில் டிபன் பாக்ஸோடு தெருமுனையில் கம்பெனி வேனுக்காக நின்றிருந்தாள். அவள் வேலையை விட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. எங்கள் ஊரில் அந்த நேரத்தில் டிபன் பாக்ஸோடு நிற்கிற பெண்ணை எந்த வேன்காரனும் யாரென்று கேட்பதில்லை, சீக்கிரம் ஏறு என்றுதான் சொல்வான். ஏறப்போனவளை நூர்ஜஹான் அக்காதான் பார்த்துக் கையைப் பிடித்து அழைத்து வந்தார். டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்தேன். கழுவிய ஈரம் மட்டும் இருந்தது.

அதற்குப் பிறகுதான் வேலூர் போனோம். எங்களுக்கு வேலூர் என்றாலே ஆஸ்பத்திரிதான். வடநாட்டிலிருந்தெல்லாம் ரயிலேறி வந்து காத்திருக்கிற கூட்டத்தில் நாங்களும் போய் உட்கார்ந்தோம். அந்தக் கூடத்தில் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்ப்பதில்லை, எல்லாரும் கதவையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். டாக்டர் அம்மாவிடம் மூன்று சொற்களைச் சொல்லி, கொஞ்சம் பேச்சுக் கொடுத்துவிட்டு, அந்தச் சொற்களைத் திருப்பிக் கேட்டார். ஒன்றும் வரவில்லை. கடிகாரம் வரையச் சொன்னார். வட்டத்தை அழகாகப் போட்டாள், வளைவில் தைத்துப் பழகிய கை அல்லவா. ஆனால் எண்கள் எல்லாம் ஒரே பக்கத்தில் குவிந்து கிடந்தன. ஸ்கேன் எடுத்தார்கள், மூளை சில இடங்களில் சுருங்கியிருக்கிறது என்றார்கள்.

டிமென்ஷியா என்றால் என்ன என்று டாக்டர் எங்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னார். தீப்பெட்டியை எங்கே வைத்தோம் என்று தேடுவது எல்லாருக்கும் வருகிற மறதி. தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டே இது எதற்கு என்று யோசிப்பது இந்த நோய். இதைத் திருப்ப மருந்து இல்லை. மாத்திரை கொஞ்சம் தாங்கிப் பிடிக்கும், அவ்வளவுதான். மிச்சம் இருப்பதைக் காப்பாற்ற வேண்டுமென்றால் மூளைக்கும் உடம்புக்கும் தினமும் ஏதாவது வேலை கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார். அதைச் சொல்லிக்கொடுக்க ஒரு தெரபிஸ்டிடம் அனுப்பினார்.

அந்தப் பெண்ணின் பெயர் பிரியா. அரக்கோணத்திலிருந்து தினமும் ரயிலில் வந்து போகிறவள், சின்ன வயது, பொறுமை ஜாஸ்தி. அவள் சொன்னதில் எனக்கு மனதில் நின்றவற்றைச் சொல்கிறேன். தினமும் ஒரே நேரத்தில் நடக்க வையுங்கள், தெருமுனைவரை போய் வந்தால்கூடப் போதும். அவர்களுக்குப் பழக்கமான வேலையைக் கொடுங்கள், துணி மடிப்பது, பருப்பு பார்ப்பது, பூத்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றுவது. தெரிந்த பாட்டைப் பாட வையுங்கள். தப்பாகச் செய்தால் திருத்தாதீர்கள், பரீட்சை வைக்காதீர்கள். அலுத்துப்போவதற்கு முன்னால் நிறுத்திவிடுங்கள். வேலை முடிவது முக்கியம் இல்லை, செய்கிற நேரம் நன்றாகக் கழிவதுதான் முக்கியம். கடைசியாகச் சொன்னது என் மண்டையில் ஏறவே கொஞ்ச நாள் ஆனது. நாள் முழுக்க மணிக்கு இத்தனை ஜோடி என்று கத்திவிட்டு வருகிறவளுக்கு அது எப்படி ஏறும்?

ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்கள். அம்மாவுக்குக் கை. உட்கார்ந்தபடி பந்தைத் தூக்கிப் போடச் சொன்னால், இது இன்னா சின்னப் புள்ளைங்க ஆட்டம் என்று பந்தைக் கட்டிலுக்கடியில் உருட்டிவிடுவாள். வாசலில் கிடக்கிற செருப்புகளைக் கொடுத்தால் இடது வலது பார்த்து ஜோடி சேர்த்து அடுக்குவாள். நூர்ஜஹான் அக்காவின் புதுச் செருப்பைப் புரட்டிப் பார்த்து, தையல் லூசாக இருக்கிறது, பிரித்துத் தைக்க ரீவொர்க்குக்கு அனுப்பு என்று ஒதுக்கிவிட்டாள். அக்கா அன்றைக்கு வெறுங்காலோடு வீட்டுக்குப் போனார். ஞாயிறு கோயில் பாட்டுகளில் முதல் அடியை நான் எடுத்தால் மீதியை அவள் முடிப்பாள். காலையில் நான் வேலைக்குக் கிளம்பும் முன் இரண்டு பேரும் கைகோத்துத் தெருமுனைவரை நடப்போம். என்னை சீலி என்றுதான் கூப்பிட்டாள். இப்படியே ஓட்டிவிடலாம் என்று நம்பினேன்.

அது அதிக நாள் நிலைக்கவில்லை. திடீரென்று சில நாட்களுக்குள் ஆளே மாறிப்போனாள். பகலெல்லாம் தூங்கினாள், விழித்தால் யார் வீடு இது என்று சண்டை போட்டாள். இல்லாத யாரோடோ பேசினாள். நோய் முற்றிவிட்டது என்று நினைத்தோம். நூர்ஜஹான் அக்கா அடுப்படியில் இருந்த நேரத்தில் கூடத்திலிருந்து எழுந்து எங்கேயோ போனவள், பாத்ரூம் வாசலில் விழுந்து கிடந்தாள். இடுப்பு மூட்டில் எலும்பு முறிவு. எட்வின் லோடை வழியிலேயே இறக்கிவிட்டு வந்தார். ஆம்புலன்ஸில் பள்ளிகொண்டா தாண்டுகிறவரை அம்மா என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். யாருடைய கை என்று தெரிந்து பிடித்த மாதிரி இல்லை.

எலும்புக்காகப் போன இடத்தில் வேறொன்று கண்டுபிடித்தார்கள். சிறுநீரில் கடுமையான கிருமி. ஏற்கெனவே பலவீனமாக இருக்கிற மூளை, உடம்பில் கிருமி ஏறினால் ஒரேயடியாகத் தடுமாறிவிடும், அதற்கு டெலிரியம் என்று பெயர், உங்கள் அம்மா திடீரென்று மாறியது அதனால்தான் என்றார் டாக்டர். கிருமி இறங்கினால் தடுமாற்றமும் பெரும்பாலும் இறங்கும், ஆனால் பழைய இடத்துக்கே திரும்பி வருவார் என்று சொல்ல முடியாது. பிறகு என்னிடம் கேட்டார், "தண்ணி கம்மியா குடிப்பாங்களா? யூரின் அடக்கி அடக்கி வைப்பாங்களா?"

கம்மிதான் என்றேன். டம்ளரைக் கொடுத்தால் உதட்டை நனைத்துவிட்டு வைத்துவிடுவாள். கையைப் பிடித்து அழைத்துப்போனால்தான் பாத்ரூமுக்கு வருவாள். வயதான பிடிவாதம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஆபரேஷன் செய்து உலோகக் கம்பி வைத்தார்கள். அந்த நாட்களின் பில்லைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. என் கழுத்தில் இருந்தது போயிற்று, எட்வின் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வேலூரிலேயே சத்துவாச்சாரியில் இருக்கும் என் நாத்தனார் தினமும் ரசம் சாதம் கட்டி அனுப்பினாள், கூடவே எனக்கென்று தனியாக ஒரு முட்டை. மாமியார் வீட்டு ஆட்களைப் பற்றி நான் பேசியதையெல்லாம் அந்த முட்டையோடு சேர்த்து விழுங்கினேன். வார்டில் இரவும் பகலும் ஒரே வெளிச்சம். அம்மா தூங்கினால் நானும் கட்டிலுக்கடியில் பாய் விரித்துச் சாய்வேன்.

ஆபரேஷனுக்கு அடுத்த நாள் டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். உடனே எழுந்து நிற்க வைக்க வேண்டும், நடக்க வைக்க வேண்டும். படுத்தே இருந்தால் நெஞ்சில் சளி கட்டும், முதுகில் புண் வரும், காலில் ரத்தம் உறையும். மறதி நோய் இருப்பவர்களுக்கு இன்னொன்றும் உண்டு, நடக்காமல் விட்டால் கால் நடையையே மறந்துவிடும், அதற்கப்புறம் எழுந்திருப்பதே இல்லை. "இந்த வாரத்துல நடந்தாங்கன்னா வீட்டுக்கு நடந்து போவாங்க. இல்லன்னா படுக்கைதான்மா" என்றார். அவர் கடுமையாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

சிறுநீர்க் குழாயை எடுத்துவிட்டார்கள். கதீட்டர் என்பார்கள் அதை. அது இருக்கிறவரை புதுக் கிருமி வர வழி இருக்கிறது. இனிமேல் அவளே எழுந்து பாத்ரூம் போக வேண்டும், அதுவே நடைப்பயிற்சி. வாக்கரைக் கொண்டுவந்து கட்டில் பக்கத்தில் வைத்தார்கள். பிசியோதெரபிஸ்ட் பையன் ஒரு பக்கம், பிரியா ஒரு பக்கம் நின்று எழுப்பினார்கள். அம்மா கட்டிலின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அசையவே இல்லை. வலியா என்று கேட்டால் இல்லை என்பாள். பயமா என்றால் கம்பியை இன்னும் இறுக்குவாள். தடுமாற்றம் இறங்கி முகம் தெளிந்துதான் இருந்தது, சோறு சாப்பிட்டாள், கேட்டதற்குத் தலையாட்டினாள். எழுந்திரு என்றால் மட்டும் கல் மாதிரி உட்கார்ந்துவிடுவாள்.

இன்னொன்றும் செய்தாள். வலது கையைத் தோள்வரை தூக்கி எதிர்ச்சுவரைப் பார்ப்பாள். கொஞ்ச நேரம் கை அப்படியே நிற்கும். பிறகு இறக்கிவிடுவாள். தண்ணீர் கேட்கிறாள் என்று நர்ஸ் டம்ளரை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். கோயிலிலிருந்து பார்க்க வந்த ஒரு அம்மா, ஸ்தோத்திரம் பண்றாங்க என்று உருகி, தானும் கையைத் தூக்கி ஒரு நீண்ட ஜெபம் செய்துவிட்டுப் போனார். சுவரில் ஏதோ தெரிகிற மாதிரி பிரமை இருக்கலாம் என்றார் டாக்டர். கையை நாலைந்து முறை தூக்கி இறக்கிய பிறகு படுக்கை நனைந்துவிடும். உடனே அம்மா போர்வையை இழுத்து மூடிக்கொண்டு சத்தமில்லாமல் அழுவாள். அந்த அழுகையை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

வாரம் ஓடிக்கொண்டிருந்தது. என் லீவும் தீர்ந்தது. ஏற்றுமதி ஆர்டர் ஒன்று கழுத்தைப் பிடித்ததால் ஒரே ஒரு நாளாவது வா என்று கம்பெனியில் நச்சரித்தார்கள். நூர்ஜஹான் அக்காவை வரவழைத்து வார்டில் விட்டுவிட்டு ஆம்பூருக்குப் போனேன். உடம்புதான் லைனில் நின்றது, மனசு வேலூரில் இருந்தது.

மத்தியானத்துக்கு முன்னால், மூன்றாவது மிஷினில் இருக்கிற பெண் வலது கையைத் தோள்வரை தூக்கினாள். என்னைப் பார்க்கவில்லை, என் மேஜைக்குப் பின்னால் இருக்கும் சுவரைப் பார்த்தாள். அங்கே ஆணி காலியாக இருந்தது. அவள் கையை இறக்கிவிட்டுத் தைக்க ஆரம்பித்தாள். நான் அப்படியே நின்றுவிட்டேன்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். லைனில் உட்கார்ந்தவள் நினைத்த நேரத்தில் பாத்ரூமுக்குப் போக முடியாது. ஒருத்தி எழுந்தால் அவள் தைக்க வேண்டிய துண்டு நிற்கும், அடுத்தவள் கை காலியாகும், மொத்த லைனும் தேங்கும். அதனால் லைனுக்கு ஒரு டோக்கன். சூப்பர்வைசர் மேஜைக்கு மேலே ஆணியில் தொங்கும். கையைத் தூக்க வேண்டும், சூப்பர்வைசர் பெயர் சொல்லி அனுப்பினால் டோக்கனை எடுத்துக்கொண்டு போய்விட்டு வந்து திரும்ப மாட்ட வேண்டும். ஆணி காலியாக இருந்தால் யாரோ போயிருக்கிறாள் என்று அர்த்தம், வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். இப்போது எங்களிடம் இருப்பது பிளாஸ்டிக் அட்டை. அம்மா காலத்தில் தோலில் வெட்டிய வட்டமான துண்டு, நடுவில் ஓட்டை. டோக்கன் கேட்டுத் திட்டு வாங்குவதைவிட, தண்ணீர் குடிக்காமல் இருப்பது சுலபம் என்று எல்லாரும் பழகிவிடுவோம். நானும் பழகியிருக்கிறேன்.

நான் பன்னிரண்டாவது முடித்த வருஷம் அப்பா போய்விட்டார். என்னை நர்ஸ் படிக்க வைக்க வேண்டும் என்று அம்மாவுக்கு ஆசை. நான் ஒருநாள் காலையில் சொல்லாமல் கொள்ளாமல் கம்பெனி வேனில் ஏறிவிட்டேன். அம்மா பல நாள் என்னோடு பேசவில்லை. பின்னால் நான் சூப்பர்வைசர் ஆனபோது தெருவே வந்து வாழ்த்தியது. அம்மா மட்டும், டோக்கன் இனிமே உன் கையிலியா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

வெட்டுகிற பிரிவில் கழிவுத் தோல் ஒன்றைப் பொறுக்கி, வட்டமாக நறுக்கி, ஓட்டை போட்டு எடுத்துக்கொண்டு அன்று சாயங்காலமே வேலூருக்கு பஸ் ஏறினேன். வார்டில் அம்மாவின் எதிர்ச்சுவரில் காலண்டர் ஒன்று தொங்கியது. அதைக் கழற்றிவிட்டு அந்த ஆணியில் தோல் துண்டை மாட்டினேன். அம்மா பார்த்தாள். கையைத் தூக்கினாள்.

"போய்ட்டு வாம்மா" என்றேன். அவள் அசையவில்லை. கை மட்டும் அப்படியே நின்றது. ரயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த பிரியா என்னைப் பார்த்தாள்.

எனக்குப் புரிந்தது, ஆனால் வாய் வரவில்லை. எங்கள் வீடுகளில் பெற்றவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது கிடையாது. தொண்டையைச் செருமிக்கொண்டு, லைனில் கூப்பிடுகிற குரலில் கூப்பிட்டேன்.

"ஞானசுந்தரி, போய்ட்டு வாங்க. சீக்கிரம்."

அம்மா எழுந்தாள். கம்பியை விட்டுவிட்டு வாக்கரைப் பிடித்தாள். பிசியோ பையன் ஓடிவந்து இடுப்புப் பட்டையைப் பிடித்துக்கொண்டான். ஆணிவரை நடந்துபோய் டோக்கனை எடுத்தாள், பாத்ரூமுக்குப் போனாள், வந்தாள், மறக்காமல் ஆணியில் மாட்டினாள். கட்டிலில் உட்கார்ந்து மூச்சு வாங்கியபடி என்னைப் பார்த்து, "லேட் ஆயிடுச்சுங்களா மேடம்?" என்றாள்.

வார்டே சந்தோஷப்பட்டது. டாக்டர் வந்து என் தோளில் தட்டிக்கொடுத்தார். பிரியாவுக்கு விஷயத்தை விளக்கியபோது, இதையே பிடிச்சிக்கலாங்க்கா, நடக்கறதுதான் இப்ப முக்கியம் என்றாள். சரிதான் என்றேன். அப்புறம் பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு அழுதேன். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். அப்பாவின் முகம் அவளுக்குப் போய்விட்டது, நான் பிறந்த நாள் போய்விட்டது, கோயில் பாட்டில் பாதி போய்விட்டது. கிழிந்த மூளைக்குள் கிழியாமல் இருந்தது சூப்பர்வைசர் மேல் இருந்த பயம் மட்டும்தான். அதை வைத்துத்தான் நான் அவளை எழுப்பினேன்.

அடுத்த நாட்களில் டோக்கனோடு நன்றாகவே நடந்தாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் நானே பெயர் சொல்லி அனுப்புவேன், வரும்போது தண்ணீர் கொடுப்பேன். சூப்பர்வைசர் குடிக்கச் சொன்னால் குடித்துத்தானே ஆக வேண்டும். ஒருநாள் நான் மருந்து வாங்க வரிசையில் நின்றிருந்தபோது, சுத்தம் செய்கிறவர்கள் அந்தத் தோல் துண்டைக் குப்பை என்று எடுத்துப் போட்டுவிட்டார்கள். அவர்கள்மேல் தப்பே இல்லை, பார்ப்பவர்களுக்கு அது குப்பைதான். நான் வருகிறவரை அம்மா காலியான ஆணியைப் பார்த்தபடி அடக்கிக்கொண்டே இருந்திருக்கிறாள். வயிறு வீங்கி, முகம் வெளிறி, திரும்பவும் குழாய் போட வேண்டியதாயிற்று. திரும்பவும் காய்ச்சல், திரும்பவும் தடுமாற்றம். ஏறின படியில் பாதி இறங்கிவிட்டோம். குணமாகி எழுந்தபோது, சீலி என்ற பெயர் அவள் வாயில் வரவில்லை. அதற்கப்புறம் இன்றுவரை வரவில்லை. நான் அவளுக்கு மேடம்தான்.

ஆனாலும் வீட்டுக்கு நடந்துதான் வந்தாள். வாக்கரோடு, வாசற்படியில் எட்வின் தாங்கிப் பிடிக்க, தன் காலால் உள்ளே வந்தாள். டாக்டர் சொன்ன இரண்டில் நல்லது எதுவோ அதுதான் எங்களுக்குக் கிடைத்தது என்று சொல்லிக்கொள்கிறேன்.

இப்போது எங்கள் வீட்டில் அறைக்கு ஒரு ஆணி, ஆணிக்கு ஒரு டோக்கன். காலை நடை, செருப்பு ஜோடி, துணி மடிப்பு, பாட்டு எல்லாம் பிரியா சொன்னபடி நடக்கின்றன, எல்லாமே சுருங்கிக்கொண்டு வருகின்றன. தெருமுனைவரை போன நடை எதிர்வீடுவரை ஆகி, இப்போது எங்கள் வாசல்வரைதான். நூர்ஜஹான் அக்கா முதலில் தன் வழக்கப்படி, எழுந்திருடி கண்ணு, போய்ட்டு வரலாம் என்று கெஞ்சிப் பார்த்தார். கெஞ்சுகிறவர்களை அம்மா சூப்பர்வைசராக ஏற்றுக்கொள்வதில்லை. அதனால் அக்காவும் அதட்டக் கற்றுக்கொண்டார்.

"இன்னா பேஜாரு சீலி இது" என்றார் ஒருநாள் என்னிடம். "அவள அதட்டிட்டு நான் போய் தொழுதா, அல்லா இன்னா நெனைப்பாரு?"

போன தடவை வேலூர் போனபோது டாக்டரிடம் நேராகவே கேட்டேன். அவரும் நேராகவே சொன்னார். இந்த நோயில் நிலைமை ஏறாது, இறங்கத்தான் செய்யும். நடையும் வேலையும் இறக்கத்தை மெதுவாக்கும், கையையும் காலையும் கொஞ்ச நாள் கூடுதலாக வைத்திருக்கும். ஒருநாள் டோக்கனையும் மறந்துவிடுவார் என்றார். அந்த நாளுக்கு நான் பயப்படுகிறேனா காத்திருக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை.

என் லைனில் டோக்கன் அட்டையை எடுத்துவிடலாமா என்று மேனேஜரிடம் கேட்டேன். எடுத்துவிட்டால் டார்கெட்டை யார் கொடுப்பார்கள் என்று கேட்டார். அட்டை இன்னும் அந்த ஆணியில்தான் இருக்கிறது. கையைத் தூக்குகிற முகங்களை இப்போது நான் பார்க்கிறேன், முன்னால் கையை மட்டும்தான் பார்ப்பேன். அவ்வளவுதான் மாறியிருக்கிறது.

நேற்று காலை அம்மாவுக்கு முகம் தெளிவாக இருந்தது. நான் வேலைக்குக் கிளம்பத் தயாராகிவிட்டு அவளைப் பெயர் சொல்லி அனுப்பினேன். போய் வந்து டோக்கனை மாட்டினாள். வழக்கமாக உடனே உட்கார்ந்துவிடுவாள். நேற்று உட்காரவில்லை. வாக்கரைப் பிடித்தபடி என் பக்கத்தில் வந்து நின்று, யாராவது கேட்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்தாள்.

"மேடம், ஒண்ணு கேக்கலாங்களா?"

"கேளுங்க."

"எனக்கு ஒரு பொண்ணு. பன்னெண்டாவது படிக்கிறா. நல்லா படிப்பா மேடம், டீச்சருங்களே சொல்றாங்க. அவங்கப்பா இல்ல. அதனால இங்க வேல கேட்டு வந்துடுவாளோன்னு பயமா இருக்குது." குரலை இன்னும் தாழ்த்தினாள். "வந்தா எடுத்துக்காதீங்க. எடம் இல்லன்னு சொல்லிடுங்க. அவ எடத்துக்கும் சேத்து நான் தெச்சிக் குடுத்துடறேன்."

தப்பாகச் சொன்னால் திருத்தாதீர்கள் என்று பிரியா சொல்லிக்கொடுத்திருக்கிறாள்.

"சரிங்க ஞானசுந்தரி" என்றேன். "எடுத்துக்க மாட்டோம்."

"சத்தியமா?"

"சத்தியமா."

அம்மா சிரித்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு அவள் சிரித்து நான் பார்க்கவில்லை. போய் நாற்காலியில் உட்கார்ந்து, செருப்புகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, இடது எது வலது எது என்று பார்க்க ஆரம்பித்தாள். தெருமுனையில் கம்பெனி வேன் ஹாரன் அடித்தது. கழுத்தில் தொங்கிய கம்பெனி அடையாள அட்டையை அவள் கண்ணில் படாமல் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, நான் பின்வாசல் வழியாக வெளியே வந்தேன்.